மூன்றில் இரண்டு

ஓர் உரிமத்தில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை மூன்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருந்தவை மூன்று: ஒரு டபுள் பேரல் 12 போர், இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிள், லண்டன் ரிக்பி கம்பெனியின் .275. எல்லாம் அப்பா விட்டுச் சென்றவை. கூடுதலாக இருப்பதை ஒரு வருடத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். செங்கல்பட்டு தனி மாவட்டமாகி அப்போது இரண்டு வாரம்தான். காஞ்சிபுரத்திலிருந்து கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு ஏக்கர் மணிலாக் கடலையும் ஓய்வூதியமும்தான் வருமானம். துப்பாக்கிக்கென்று பெரிதாகச் செலவழிக்க முடியாது. இருந்தாலும் இந்த முடிவை எடுக்க அந்த வருடம் முழுவதும் எனக்குத் தேவைப்பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது வேட்டைக்கான தேர்வு இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அப்பா அதற்குப் பிறகு உயிருள்ள எதன் மீதும் குறி வைக்கவில்லை. எங்கள் ஊர் மதுராந்தகத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் நடுவில் இருக்கிறது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர் வனத்துறையிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழையவே கூடாது. இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பாரமாகத் தோன்றியதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைத் தொடக் கூடாதென்று கவுல் என்ற பத்திரம் எழுதி வாங்கிய பூமி இது. அது 1798-ஐ ஒட்டிய காலம். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறவரும் இதே பிளேஸ் துரைதான். துப்பாக்கியை எங்கே கீழே வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். நான் சுடுவதெல்லாம் காகித இலக்கு. ரைபிள் கிளப் மூலமாகச் சுடுதளம் கிடைக்கிற நாட்களில் மட்டும்.

12 போரைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. புனே அருகே கட்கியில் செய்கிற தோட்டா ஊர் ஊருக்குக் கிடைக்கும், விலையும் தாங்கும். அது இருக்கும் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. இழுபறி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

.275-ஐ விட எனக்கு மனம் வரவில்லை. அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு துரை ஊருக்குக் கிளம்பும்போது, பாத்திரம் பண்டம் விற்ற கையோடு இந்த ரைபிளையும் அப்பாவுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அக்ரூட் மரக் கட்டை, மாசர் போல்ட். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி சத்தமில்லாமல் வரும். தோளில் வைத்தால் கண் தானாகக் குறிமுள்ளின் மேல் போய் நிற்கும். நானும் சில ரைபிள்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இதைப் போல் உடம்போடு ஒட்டிக்கொண்டது வேறில்லை.

அந்தத் தோட்டாவின் வரலாறும் சேர்ந்து ஆசையை வளர்த்தது. ஜெர்மனியின் பால் மாசர் 1892-ல் ராணுவத்துக்காக உருவாக்கிய 7 மில்லிமீட்டர் தோட்டாதான் இங்கிலாந்துக்குப் போய் .275 ரிக்பி என்று பெயர் வாங்கியது. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி. 1926-ல் ருத்ரபிரயாகை சிறுத்தை விழுந்ததும் அந்த ரகத் தோட்டாவில்தான். ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யானைகளையே பெரும்பாலும் இதைக் கொண்டு சுட்டார். யானைகளைக் கொன்றதில் எனக்குப் பெருமை ஏதும் தெரியவில்லை. ஆனால் பதினோரு கிராம் எடையுள்ள சின்ன ரவையால் அது முடிந்ததென்றால், தோட்டாவின் பருமனை விட அது போய்ச் சேரும் இடமே முக்கியம் என்பது நிரூபணமாகிறது. நம் சேலம், தருமபுரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது அதற்கு நேர்மாறு. வின்செஸ்டர் .405, கனத்த ரவை.

.315-க்கு இப்படிப்பட்ட புகழ் கிடையாது. கடைக்காரர்கள் கூட "சர்க்கார் ரைபிள்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதன் பிறப்பைப் படித்த பிறகு எனக்கு அதன் மேல் தனி மரியாதை வந்தது. சிப்பாய் கையில் இருக்கிற தோட்டா குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் கொள்கை. கிளர்ச்சிக்காரர்கள் ராணுவக் கிடங்கில் கொள்ளையடித்தாலும் பயன்படக் கூடாது என்ற பயம். .450 ரகத்தை இந்தியாவில் தடை செய்தபோது இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470, .475 என்று நூலிழை தள்ளிப் புதுத் தோட்டாக்களையே உண்டாக்கின. உலகம் முழுக்க இன்றும் பேசப்படுகிற .470, இந்தியாவின் ஓர் அரசாணைக்குப் பயந்து பிறந்தது. அதே காரணத்தால்தான் ராணுவத்தின் .303 நமக்கு இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு ஆஸ்திரிய மன்லிகரின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். அதுவே .315. இச்சாப்பூரில் ராணுவத்துக்கு லீ என்ஃபீல்டு செய்த அதே கைகள், அதே அமைப்பில் இதைச் செய்தன. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், விதி போகவில்லை. .303-உம் 7.62-உம் இன்றைக்கும் சாதாரண உரிமதாரருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். ரைபிள் வேண்டும், உள்நாட்டுத் தோட்டாவும் வேண்டும், பணமும் அதிகம் இல்லை என்றால் நெடுங்காலமாகப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் .315.

இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்கு எடுத்துப் போனேன். .275-க்கு அப்பா மிச்சம் வைத்திருந்த கைனாக் தோட்டாக்கள், சிவப்பும் மஞ்சளுமான பெட்டியில். கைனாக் அந்த ரகங்களைச் செய்வதை 1970-ஐ ஒட்டி நிறுத்திவிட்டது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பித்தளை மங்கிப் பழுப்பேறியிருந்தது. சிலவற்றின் கழுத்தில் பச்சைக் களிம்பு. இரண்டில் ரவை உட்காருகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு நீளவாக்கில் விரிசல். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பார்வைக்கு நன்றாக இருந்ததை ஏற்றினேன்.

முதல் இரண்டும் நூறு கெஜத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. எனக்குக் கண் கலங்கியது. மூன்றாவதில் விசையை அழுத்தியதும் ஊசி குத்துகிற 'டக்' மட்டும் கேட்டது. குழலை அசைக்காமல் இலக்கிலேயே வைத்திருந்தேன். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் கழித்து வெடித்தது. ரவை எங்கே போனதென்று தெரியவில்லை. நான்காவது வெடிக்கவே இல்லை. சுடுதளப் பொறுப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, "போல்ட்டத் தொறக்காதீங்க சார், அப்படியே இருங்க" என்றார். மணியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தாமதமாக வெடிக்கிற தோட்டாவின் மேல் போல்ட்டைத் திறந்தால் முகத்திலேயே வெடிக்கும். போதுமான நேரம் விட்டு வெளியே எடுத்தபோது, முதலில் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளையும் அவர் பொறுக்கிக் காட்டினார். அவற்றிலும் கழுத்து பிளந்திருந்தது. "ரைபிள் தங்கம் சார். தோட்டா செத்துப்போச்சு" என்றார்.

.315-ஐ எடுத்தேன். கனம் அதிகம், போல்ட் கரகரக்கும், கட்டையில் செதுக்கல் வேலை ஒன்றும் கிடையாது. அதன் ரவை 244 கிரெய்ன், ஏறக்குறைய 16 கிராம். நொடிக்கு 2,000 அடியை ஒட்டித்தான் கிளம்பும். .275-இன் 140 கிரெய்ன் ரவை 2,700 அடி அளவில் போகிறது. வேகம் குறைந்தால் வீழ்ச்சி கூடும். நூறு கெஜத்துக்குக் குறி வைத்த .315, இருநூறு கெஜத்தில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். .275 அதில் பாதி கூட இறங்காது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் அன்று .315 போட்ட ஒவ்வொரு தோட்டாவும் விசையை அழுத்திய கணத்தில் வெடித்தது. எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின, கொஞ்சம் இடப்பக்கமாக.

அடுத்து தோட்டா தேடல். சென்னையில் ஒரு பழைய கடை, எனக்குப் பழக்கம். ஆர்மரராக இருந்த பெரியவர் உரிமப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டூ செவன்டி ஃபைவா? எப்பயாச்சும் வரும் சார். வந்தா சொல்றேன். ஒரு பாக்கெட் வாங்கினா உங்க பென்ஷன்ல பாதி போயிடும்."

"வீட்ல ரீலோட் பண்றாங்களே வெளிநாட்ல?"

"அங்க. இங்க அதுக்குத் தனியா லைசென்ஸ் இல்லாம தொட்டீங்கன்னா இந்தப் புத்தகமும் போயிடும்."

வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டேன். துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியின் விலையைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அது ஒருமுறைச் செலவு. என் விஷயத்தில் அந்தச் செலவே இல்லை. மூன்றும் சும்மா வந்தவை. வருடா வருடம் வருகிற செலவு தோட்டா, சுடுதளக் கட்டணம், போய்வரும் செலவு. நான் ஒரு வருடத்தில் துப்பாக்கிக்கு ஒதுக்கக்கூடிய தொகையை மேலே எழுதி, அதை ஒரு தோட்டாவின் விலையால் வகுத்தேன். .275-க்கு வந்த விடை, ஒரு காலைப்பொழுதுக்குக் கூடக் காணாது. .315-க்கு வருடம் முழுவதும் அவ்வப்போது போய்ச் சுடலாம். குறி பார்ப்பதில் ஒருவன் தேறுவதும் துருப்பிடிப்பதும் இந்த வகுத்தலின் விடையில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு .275-ஐ எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கு தெரிந்தவனுக்கும் மனசு கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

கட்டுப்பட வைத்தவர் பூஞ்சேரிப் பெரியவர். மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. 2021 தீபாவளியன்று முதலமைச்சர் நேரில் போய்ப் பட்டாவும் சான்றிதழும் வழங்கிய ஊர் என்றால் பலருக்கு நினைவு வரும். அந்தக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது அவருடைய பேரன் என்னிடம் படித்தான். இப்போது ஐந்துரதம் போகிற வழியில் பாசிமணி விற்கிறார்கள். பெரியவர் இளவயதில் உரிமத்தோடு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். அதை எப்போதோ ஒப்படைத்துவிட்டார்.

என் இக்கட்டைச் சொன்னேன். அவர் நேரே பதில் சொல்லாமல் பக்கத்தில் கிடந்த குடைக்கம்பை எடுத்துச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டார். இடது உள்ளங்கையைக் குழித்துக் கருமருந்தின் அளவைக் காட்டினார். பிறகு தேங்காய் நாரை உருட்டுவது போல் விரல்கள் சுழன்றன. கம்பால் இடிப்பது போல் மூன்று குத்து, பிறகு ரவை, மறுபடி நார், மறுபடி குத்து. இரண்டாவது இடி முதல் இடியை விட மெதுவாக இருந்தது. இல்லாத துப்பாக்கிக்குத்தான் அத்தனையும் செய்தார். ஆனாலும் கை ஓரிடத்தில் கூடத் தடுமாறவில்லை.

"மருந்து காசு சாமி. ஒரு வெடி தப்புனா அன்னிக்குக் கஞ்சிக்கு ஒண்ணுமில்ல. எங்கொழலு முப்பது அடிக்கு அரை வெரக்கட வலப்பக்கம் தள்ளும். அது எனக்குத் தெரியும். வேற யாரு கையில குடுத்தாலும் ஓட்டக் கொழலும்பான்."

"நல்ல குழல் வாங்கலாம்னு தோணலியா?"

"எதுக்கு? புதுசு எந்தப் பக்கம் தள்ளும்னு கத்துக்கறதுக்குள்ள எத்தினி வெடி போவும்?" பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "கடக்காத்து கொழலத் தின்னுடும் சாமி, தெனம் தொடச்சு எண்ண போடணும்" என்றார். அவருக்கு இப்போது துடைக்கக் குழல் இல்லை. எனக்குச் சொல்லி வைத்தார்.

என் .315 இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுகிறது. எவ்வளவு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. .275 எங்கும் தள்ளாது, ஆனால் அதை நான் அறிந்துகொள்ளத் தேவையான தோட்டா என் வாழ்நாளில் என் கைக்கு வராது. ஒரு ரைபிளை வருடத்துக்கு நாலு முறை சுட்டுவிட்டு, மீதி நாள் துணியால் துடைத்துக்கொண்டிருப்பவன் அதன் சொந்தக்காரன்தான். அதைத் தெரிந்தவன் இல்லை. அப்பா அந்த ரைபிளைத் தெரிந்தவர். கைனாக் பெட்டி கடையில் கிடைத்த காலம் அவருடையது.

கெடு முடிவதற்குள் .275-ஐக் கடையில் ஒப்படைத்தேன். மலைத் தோட்டக்காரர் ஒருவர், வெளிநாட்டுத் தோட்டா வரவழைத்துக்கொள்ள வசதி உள்ளவர், முறைப்படி வாங்கிக்கொண்டார். விலை பேசும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன். பழைய கைனாக் தோட்டாக்களை அதில் போடக் கூடாது. அவரும் சரியென்றார். ரைபிள் சுடப்படுகிறது என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது, என் அலமாரியில் இருந்ததை விட அது நன்றாக இருக்கிறது என்று நிம்மதி வந்தது.

ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வி காட்டுப்பன்றி. மணிலாக் கொல்லையில் ராத்திரி இறங்கினால் காலையில் செடி மிஞ்சாது. "உங்க கிட்ட ரைபிள் இருக்கே வாத்தியாரே" என்று கேட்காத விவசாயி இல்லை. அவர்கள் நஷ்டம் என் நஷ்டமும்தான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வந்தால் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர் மட்டும். உரிமம் இருக்கிறது என்பதற்காக நானோ வேறு யாரோ சுட முடியாது. தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைத்து மாட்டின் வாயும் மனிதனின் கையும் சிதறுகிற கொடுமையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இருட்டில் ஓடுகிற பன்றியின் மேல் பழக்கமில்லாதவன் ரைபிளால் சுடுவது அதற்குச் சற்றும் குறைந்த ஆபத்தில்லை. .315 ரவை பன்றியைத் தாண்டியும் போகும். அடுத்த கொல்லையில் காவலுக்குப் படுத்திருப்பவனைப் பன்றியிலிருந்து பிரித்தறிய ரைபிளுக்குத் தெரியாது.

இச்சாப்பூர், கட்கி தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் வெவ்வேறு அரசுக் கம்பெனிகளின் கீழ் போய்விட்டன. ஆனால் .315 தோட்டா அதேதான். இப்போது என் நோட்டில் ஒவ்வொரு சுடுதள நாளின் குறிப்பும் இருக்கிறது: காற்று, தூரம், எவ்வளவு இடப்பக்கம். நூறு கெஜத்தில் இரண்டு விரற்கடை. குறிமுள்ளை நகர்த்திச் சரி செய்த பிறகு அரை விரற்கடை. குளிர் காலையில் இன்னும் கொஞ்சம் கீழே.

செங்கல்பட்டில் குடியிருக்கும் என் மகள் போன வருடம் உரிமத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். கிளப்பில் ஏர் ரைபிள் பழகி, இனி .22 எடுக்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறாள். என்ன மாடல், எந்தக் குழல் நீளம் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கைபேசியை நீட்டினாள். அதில் மூன்று பிராண்ட் .22 தோட்டாவின் விலை, மாதத்துக்கு எத்தனை, வருடத்துக்கு எவ்வளவு என்று கூட்டி எழுதியிருந்தாள். ரைபிளின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. "அது கடைசில பாத்துக்கலாம்ப்பா" என்றாள். அவள் போட்டிருந்த கூட்டலில் சுடுதளக் கட்டணம் விடுபட்டிருந்தது, அதை மட்டும் சேர்க்கச் சொன்னேன்.